நம்மைத் தவிர எட்டுப் பேர்

“எட்டுப் பேர். நேத்து முழுக்க எட்டே எட்டுப் பேர். அதுலயும் ஒருத்தி நீயா இருப்ப.”

“நான் அதுல இல்ல பெரியப்பா. கடைக்குள்ள இருந்து யார் சைட்டைத் திறந்தாலும் எண்ணிக்கையில வராது. வெளியாளுங்க மட்டும்தான்.”

“ஓ, அப்போ சுத்தமான எட்டு. கலப்படமே இல்லாத எட்டு.”

“காலையிலேயே பிள்ளைய ஏண்ணா வாட்டுற?” என்று கவுண்டரிலிருந்து அத்தை குரல் கொடுத்தாள். “காக்கா குருவி கூட எட்டிப் பாக்காத சைட்டெல்லாம் எத்தனையோ இருக்கு.”

“காக்கா குருவிக்கு பட்டன் எதுக்கு? சட்டையா போட்டுக்குது?” என்றார் பெரியப்பா.

நான் சிரிக்கவில்லை. அது திங்கட்கிழமை. சனிக்கிழமை நூற்று நாற்பது அட்டைப்பெட்டிகள் வர இருந்தன. எல்லாம் ஜிப். அவற்றை அடுக்குவதற்குப் பெரியப்பா பார்த்து வைத்திருந்த இடம் என்னுடைய அறை.

எங்களுடையது பொத்தான் கடை. தரைத்தளத்தில் கடை, மேலே ஐந்து மாடிகள், ஐந்திலும் தையல்காரர்கள். லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்று ஏழு வருடமாகிறது. உடம்புக்குள்ளேயே தங்கிவிட்ட பழைய தோட்டா மாதிரி, இப்போது யாரையும் தொந்தரவு செய்யாமல் அங்கேயே இருக்கிறது. கடையை நடத்துவது பெரியப்பா. கவுண்டரில் நிற்பது அவருடைய தங்கை, என் அத்தை. சரக்கு வாங்கப் போகும் என் அப்பா மாதத்தில் பாதி நாள் ரயிலில் இருப்பார். வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்வது நான்.

கடைக்குப் பின்னால் வடக்குப் பார்த்த ஒரு ஜன்னல் வைத்த அறை இருக்கிறது. அந்த ஜன்னலில் வெயில் நேராக விழாது. நாள் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரே வெளிச்சம். மூன்று வருடங்களாக அந்த வெளிச்சத்தில், ஒரு வெள்ளைத் தாளின் மேல், பொத்தான்களைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எலும்புப் பொத்தானை மிக நெருங்கிப் பார்த்தால் நிலவின் தரை தெரியும். நீலக் கண்ணாடிப் பொத்தானுக்குள் உறைந்துபோன ஏரி ஒன்று இருக்கிறது. கடையில் ஆயிரத்து எண்ணூற்று அறுபது இழுப்பறைகள். ஒவ்வொன்றுக்கும் தளத்தில் ஒரு பக்கம்: முன்பக்கப் படம், பின்பக்கப் படம், அளவு, எத்தனை ஓட்டை, இழுப்பறை எண். பெரியப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூன்று வருடமாகிறது. இப்போதெல்லாம் “போட்டோக்காரி”தான்.

“அந்த வாட்ச்மேன் வேற சனிக்கிழமையோட வேலையை விட்டுப் போறானாமே?” என்றார்.

வாட்ச்மேன் என்பது அத்தை வைத்த பெயர். தளத்துக்கு யார் வருகிறார்கள், எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் சேவை ஒன்று உண்டு, அனலிட்டிக்ஸ் என்பார்கள். முதல் நாள் நான் அதை விளக்கியபோது அத்தை, “வாசல்ல நின்னு தலையை எண்ற வாட்ச்மேன்னு சொல்லேன், எதுக்கு இத்தனை பேச்சு?” என்றாள். அன்றிலிருந்து அதுதான் பெயர். நாங்கள் வைத்திருந்த சேவையை அதன் நிறுவனம் நிறுத்தப்போகிறது. வேறு சேவைக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று நான்கு மின்னஞ்சல் வந்துவிட்டது.

“ஆமா பெரியப்பா. இந்த வாரம் புதுசுக்கு மாத்தணும்.”

“எதுக்கு மாத்தணும்? எட்டுப் பேரை எண்ண ஒரு ஆள் எதுக்கு? போறவனை நல்லபடியா வழியனுப்பி வை. அப்படியே சைட்டையும் பூட்டிடு. அறை பெட்டிக்கு ஆச்சு.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நாலாவது மாடிக் கோட்டுக்காரர் படியிறங்கி வந்தார். கோட்டு மட்டுமே தைப்பவர். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். கவுண்டரில் கை வைத்தபடி, “ஆயிரத்து நாப்பத்தி ரெண்டு. ஒரு டஜன்” என்றார். அத்தை ஏணியை நகர்த்தினாள், எடுத்தாள், கொடுத்தாள். அவர் போய்விட்டார். மொத்தம் ஒரு நிமிடம்.

“என்ன ஞாபகசக்தி!” என்றாள் அத்தை, வழக்கம்போல. “முன்னெல்லாம் அறுந்த பட்டனைக் கையில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. இப்போ எல்லாருக்கும் டிராயர் நம்பர் மனப்பாடம். பழகப் பழக வந்துடுது பாரு.”

நான் பெரியப்பா பக்கம் திரும்பினேன். “ஒரு வாரம் குடுங்க. புது வாட்ச்மேன் வந்து எண்ணட்டும். அப்புறம் சொல்லுங்க.”

“அவன் எண்ணினா மட்டும் எட்டு எம்பதாயிடுமா?”

“எத்தனை பேர் வந்தா அறையை விடுவீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விளையாட்டுக்குக் கேட்கிறேனா என்று பார்த்தார். பிறகு, “நம்ம கவுண்டருக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் வர்றாங்க. சைட்டுக்கும் நூறு பேர் வரட்டும். ஒரே ஒரு நாள் போதும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள” என்றார். “வந்தா அறை உனக்கு. வரலேன்னா சனிக்கிழமை பெட்டியை நீயே முன்னால நின்னு அடுக்கித் தரணும்.”

“சரி” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கணக்குப் போட்டேன். எட்டுக்கும் நூறுக்கும் நடுவில் தொண்ணூற்று இரண்டு பேர் வேண்டும். ஐந்து நாளில் அவர்களுக்கு நான் எங்கே போவேன்?

செவ்வாய்க்கிழமை மாற்றும் வேலையைத் தொடங்கினேன். வீடு மாறும் வேலைதான் அது. பழைய வாட்ச்மேன் எதையெல்லாம் கவனித்தான் என்று முதலில் பட்டியல் போட வேண்டும்: யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், தேடும் பெட்டியில் என்ன சொல்லைப் போட்டார்கள், எந்தப் படத்தைப் பெரிதாக்கினார்கள். இருபத்தேழு வரிகள் வந்தன. பிறகு ஒவ்வொன்றையும் புதியவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு வாரம் இரண்டு பேரையும் ஒரே வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, இருவரும் ஒரே எண்ணைச் சொல்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சொன்னால் பழையவனை அனுப்பிவிடலாம்.

மத்தியானத்துக்குள் இருபத்தாறு வரிகள் முடிந்துவிட்டன. கடைசி வரியில் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் மட்டும் இருந்தன. அண்ணனுக்குப் போன் செய்தேன். பெரியப்பாவின் மகன்; நாலு வருடம் முன்பு இந்தத் தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு வேலைக்காக வெளியூர் போனவன்.

“அது நம்ம கடையோட இன்டர்நெட் முகவரி” என்றான். “அத்தைக்காகப் போட்டது. ஒரு நாளைக்கு இருநூறு தடவை சைட்டைத் திறந்து டிராயர் நம்பர் பார்ப்பாங்களே, அதெல்லாம் எண்ணிக்கையில வந்து குழப்பும்ல? அதான் இந்த முகவரியில இருந்து வர்ற யாரையும் எண்ணாதேன்னு சொல்லி வெச்சேன். அப்படியே புதுசுலயும் போட்டுடு.”

போட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை இரண்டு திரைகளையும் திறந்தேன். பழைய வாட்ச்மேன் முந்தின நாளுக்குச் சொன்னது: ஒன்பது பேர். புது வாட்ச்மேன் சொன்னது: நூற்று எழுபத்தொன்று.

நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றேன். தலைகால் புரியவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்தேன். இவ்வளவு பெரிய சந்தோஷம் காலை ஒன்பது மணிக்கு யாருக்கும் சும்மா வராது. எங்கேயோ நான்தான் சொதப்பியிருக்க வேண்டும்.

பெரியப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

“நேத்து வரைக்கும் எட்டு. இன்னிக்கு நூத்தி எழுபத்தொண்ணு” என்றார். “என்ன, ஒரே நாள்ல ஊர் பூராவும் பட்டன் அறுந்துபோச்சா?”

“நான் ஒண்ணும் பண்ணல பெரியப்பா.”

“நான் பண்ணேன்னு சொன்னேனா? ஒருத்தன் ஒம்போதுங்கறான், இன்னொருத்தன் நூத்தி எழுபத்தொண்ணுங்கறான். ரெண்டுல ஒருத்தன் தண்ணியப் போட்டுட்டு நிக்கிறான். யாருன்னு கண்டுபிடி. இதையெல்லாம் நூறுன்னு நான் ஒத்துக்கமாட்டேன்.”

அது நியாயம்தான். எண்ணும் நிரலைத் தளத்தில் இரண்டு தடவை ஒட்டிவிட்டேனோ என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இல்லை. ஆட்களுக்குப் பதில் தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் ஏதாவது வந்து மேய்கின்றனவா என்று பார்த்தேன். இல்லை. சாயங்காலம்தான் பட்டியலின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி கண்ணில் பட்டது. நூற்று எழுபத்தொரு பேரில் நூற்று அறுபத்திரண்டு பேருக்கு நேராக ‘உள்ளாள்’ என்று போட்டிருந்தது. விளக்கத்தைத் தேடிப் படித்தேன். புதிய சேவையின் பழக்கம் வேறு. விலக்கச் சொன்ன ஆட்களை அது உடனே தூக்கி எறிவதில்லை. முதலில் குறி மட்டும் போடுகிறது. நாம் பார்த்துச் சரி சொன்னால்தான் நீக்குகிறது. நீக்கிவிட்டால் திரும்பக் கிடைக்காது, அதனால் யோசித்துச் சொல்லுங்கள் என்கிறது.

உள்ளாட்கள். அப்படியென்றால் நாங்கள்தான். மிச்சம் ஒன்பது. பழையவன் சொன்ன அதே ஒன்பது.

அண்ணனிடம் சொன்னேன். “அவ்வளவுதானே? சரின்னு அமுக்கிடு. ரெண்டும் ஒண்ணாயிடும். வேலை முடிஞ்சுது” என்றான்.

திரையில் அந்தச் ‘சரி’ இருந்தது. பக்கத்தில் கொண்டுபோய் அம்பை நிறுத்திவிட்டேன். விரல் மட்டும் இறங்கவில்லை.

“அண்ணா, ஒரு சந்தேகம். இது தடவையை எண்ணல. ஆளை எண்ணுது. அத்தை இருநூறு தடவை பார்த்தாலும் ஒரு ஆள்தான்.”

“ஆமா.”

“கடையில மூணு கம்ப்யூட்டர். அத்தையோடது, என்னோடது, அப்புறம் பெரியப்பா தன் அறையில சீட்டு விளையாடறது. மிச்சம் நூத்தி அம்பத்தொம்போது உள்ளாளுங்க யாரு? நம்ம வீட்ல அத்தனை பேர் இருக்கோமா?”

“முதல் நாள் புது சேவை கன்னாபின்னான்னு எண்ணும். விட்டுத்தள்ளு” என்றான். ஆனால் அவன் குரலில் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

வியாழக்கிழமை காலை கடை திறந்ததும் அத்தையிடம் போனேன். “அத்தை, ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் தொடாம இருங்க.”

“தொடாம? நம்பரை எப்படிப் பார்ப்பேன்?”

“உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

“எனக்கா? எனக்கு ஏணி எங்க இருக்குன்னு தெரியும். மிச்சமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு” என்று கணினியைக் காட்டினாள். ஆனாலும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி நின்றாள். என்னுடையதை நான் தொடவில்லை. பெரியப்பாவுடையதை அணைத்துவிட்டேன். அணைக்கும்போது அவர் தோற்றுக்கொண்டிருந்தார், அதனால் திட்டவில்லை.

பிறகு இந்த நிமிடம் தளத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திறந்து, மடிக்கணினியைக் கவுண்டர் மேல் வைத்தேன்.

பதினான்கு பேர் இருந்தார்கள். பதினான்கு பேருக்கும் ‘உள்ளாள்’ என்ற குறி.

“யார் இவங்கல்லாம்?” என்றாள் அத்தை. தன்னையறியாமல் குரலைத் தாழ்த்தியிருந்தாள்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். நாங்கள் மூன்று பேரைத் தவிர ஒருவரும் இல்லை. இழுப்பறைகள் கூரைவரை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பித்தளை வளையம். அந்த நேரத்தில் கடைக்குள் கண்ணுக்குத் தெரியாத பதினான்கு பேர் மெதுவாக நடமாடி, ஒவ்வொரு இழுப்பறையாகக் குனிந்து பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பயமாக இல்லை. கூட்டம் வந்த வீடு மாதிரி இருந்தது.

திரையில் ஒரு வரி மேலே வந்தது. யாரோ பழுப்புக் கொம்புப் பொத்தான் பக்கத்தைத் திறந்தார்கள். நாலு ஓட்டை, இழுப்பறை எண் ஆயிரத்து நூற்றுப் பதினேழு. படத்தைப் பெரிதாக்கினார்கள். பின்பக்கப் படத்தையும் பெரிதாக்கினார்கள். பிறகு வெளியே போய்விட்டார்கள். பதினான்கு பதின்மூன்றானது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து, திருப்பத்துக்குத் திருப்பம் நெருங்கி வந்தது. நாலாவது மாடிக் கோட்டுக்காரர் கவுண்டரில் கை வைத்தார்.

“ஆயிரத்து நூத்திப் பதினேழு” என்றார். “அரை டஜன் போதும்.”

அத்தை நகரவில்லை. கைகளையும் பின்னாலிருந்து எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன். “அண்ணே, இந்த நம்பர் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“என்னம்மா கேக்குற? உங்க சைட்ல பார்த்தேன்.”

“இப்பவா?”

“இப்பத்தான். நாலு மாடி இறங்கறதுக்கு முன்னாடி எது வேணும்னு பார்த்துக்க வேண்டாமா? இல்லேன்னா ஒரு பட்டனுக்கு மூணு தடவை ஏறி இறங்கணும். முட்டி என்ன இரவல் வாங்கினதா?”

“அப்போ ஞாபகசக்தி?” என்றாள் அத்தை. அவள் குரல் உடைந்துபோயிருந்தது.

“எனக்கா? என் கல்யாண நாளே எனக்கு ஞாபகம் இருக்காதுங்க. வீட்ல வந்து கேட்டுப் பாருங்க.”

“எந்த இன்டர்நெட்ல பாக்குறீங்க அண்ணே?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

“கட்டடத்து வைஃபைதான். இந்தச் சுவத்துக்குள்ள போன்ல சிக்னல் எங்க வருது? வாடகையோட சேர்த்து மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே லைன் இழுத்துக் குடுத்தாரே ஓனர், ரெண்டு வருஷம் ஆச்சே. உங்களுக்கும் அதுதானே?”

எங்களுக்கும் அதுதான்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். மறுபக்கத்தில் அவன் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது. “லைன் மாத்தினப்போ அத்தை திரும்பவும் எண்ணிக்கையில வர ஆரம்பிச்சாங்க. நான் இங்கிருந்தே புது முகவரியை எடுத்துப் போட்டேன். அது கடையோடதுன்னு நெனச்சேன். ஐயோ, மொத்தக் கட்டடத்தையும் இல்ல விலக்கிட்டேன்! அஞ்சு மாடியையும்!”

நான் போனை அத்தை கையில் கொடுத்துவிட்டுப் படியேறினேன். கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. முதல் மாடியில் சட்டை தைப்பவர்கள். இயந்திரத்துக்கு ஒன்றாகப் போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள், இரண்டில் என் முத்துச் சிப்பிப் பொத்தான்கள் ஒளிர்ந்தன. இரண்டாம் மாடியில் ஒருவர் ஒரு வாடிக்கையாளரிடம் போனை நீட்டி, “இதுவா, இதுக்குப் பக்கத்துல இருக்கறதா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க, அப்புறம் மாத்தித் தரமாட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் சுவரில், என்னுடைய உலோகப் பொத்தான் பக்கங்களைத் தாளில் அச்செடுத்து வரிசையாக ஒட்டியிருந்தார்கள். ஐந்தாம் மாடியில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் அக்கா என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தாள்.

“நீதான் படம் எடுக்குறவளா? நல்லவேளை வந்தே. தேடற பெட்டியில ‘வாத்து பட்டன்’னு போட்டா ஒண்ணும் வரமாட்டேங்குது. ‘பறவை’ன்னு போடணுமாம். வாத்தைப் போய் பறவைன்னு எந்தக் குழந்தை சொல்லும்? மாத்து.”

“மாத்திடறேன்கா” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதைப் பார்த்து, “அட, வாத்துக்காகவா அழுற? மெதுவா மாத்து, ஒண்ணும் அவசரமில்ல” என்றாள்.

மூன்று வருடமாக ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, எங்கேயோ தூர தேசத்தில் யாரோ எட்டுப் பேர் என் பொத்தான்களைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு நேர் மேலே, ஒரு கூரை தாண்டி, ஐந்து மாடி ஆட்கள் அவற்றைத்தான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள்தான் அவர்களை எண்ண வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தோம்.

கீழே வந்து பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

“சரி, நூத்தி அறுபத்திரெண்டு பேரும் மேல் மாடின்னு வெச்சுக்கோ. அதுல நம்ம மூணு கம்ப்யூட்டரும் கலந்திருக்கே. எனக்குச் சுத்தமான கணக்கு வேணும். நீதானே சொன்ன, கலப்படம் கூடாதுன்னு?”

“அதை நீங்கதான் சொன்னீங்க பெரியப்பா.”

“யார் சொன்னா என்ன?”

அன்று மத்தியானமே அந்த நான்கு எண்களைப் புதிய சேவையிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக எங்கள் மூன்று கணினிகளிலும், என் போனிலும், அத்தை போனிலும் மட்டும் ‘வீட்டாள்’ என்று ஓர் அடையாளத்தைப் பதித்தேன். இனிமேல் விலக்கப்படுவது கட்டடம் அல்ல, நாங்கள் மட்டும். அத்தை இதைத் தன் பாணியில் பெரியப்பாவுக்கு விளக்கினாள்: “பழைய வாட்ச்மேன் தெருவையே மறிச்சுட்டு நின்னான். இவன் நம்ம சட்டையில மட்டும் ஒரு சீட்டுக் குத்தி விட்டுட்டு, மத்தவங்களை ஒழுங்கா எண்றான்.”

வெள்ளிக்கிழமை காலை பெரியப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “நான் என் கண்ணால பார்க்கணும்” என்றார்.

முதல் அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பதினோரு மணி வாக்கில் திரையில் ஒரு வரி நகர்ந்தது: கறுப்பு, இரண்டு ஓட்டை, எண் முந்நூற்று ஆறு. பெரியப்பா எழுந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் ஏணியை இழுத்தார். அவர் ஏணியில் ஏறிப் பல வருடமாகிறது. ஏறி, முந்நூற்று ஆறைத் திறந்து, ஒரு டஜனை எடுத்துக் காகிதப் பையில் போட்டு, மடித்து, கவுண்டரில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

முதல் மாடிச் சட்டைக்காரர் படியிறங்கி வந்தார். வாயைத் திறந்தார். பெரியப்பா பையை அவர் முன்னால் நகர்த்தினார்.

“என்னது?”

“முந்நூத்தி ஆறு. ஒரு டஜன்.”

சட்டைக்காரர் பையைத் திறந்து பார்த்தார். மூடினார். திரும்பத் திறந்து பார்த்தார். “நான் இன்னும் கேக்கவே இல்லையே!”

“உன் முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கே” என்றார் பெரியப்பா.

சட்டைக்காரர் மேலே போகும் வரை முகத்தை இறுக்கமாக வைத்திருந்த பெரியப்பா, செருப்புச் சத்தம் தேய்ந்ததும் கவுண்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. “ஏய், எழுநூத்தி எம்பது! ஓடு ஓடு!” “அடுத்தவன் யோசிக்கிறான், ரெண்டு பக்கத்துக்கு மாறி மாறிப் போறான், ரெண்டையும் எடுத்து வை!” நாங்கள் மூவரும் ஏணியும் பையுமாக ஓடினோம். கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சிலர் பொத்தான் வேண்டாமலேயே ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுச் சோதிப்பதற்காகவே ஓடி வந்தார்கள். ஐந்தாம் மாடி அக்கா மூச்சிரைக்க வந்து நின்றபோது, அவளுக்கு முன்னால் ஆறு மஞ்சள் வாத்துகள் தயாராக இருந்தன.

“தேடறதுல ‘வாத்து’ வந்துடுச்சு போல” என்றேன்.

“வந்துடுச்சு, வந்துடுச்சு. ஆனா உங்க பெரியப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“அவர் முகம் பார்த்துச் சொல்றவர்” என்றாள் அத்தை.

சாயங்காலம் நாலு மணிக்கு அன்றைய எண்ணிக்கையைப் பெரிதாக்கித் திரையில் நிறுத்தினேன். வீட்டாட்களைத் தவிர்த்து நூற்று அறுபத்தெட்டு. சோதிக்க வந்தவர்களை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள், முப்பது பேர் போனாலும் நூறைத் தாண்டும் என்றேன். இல்லாவிட்டால் புதன்கிழமை வந்த நூற்று அறுபத்து நான்கைப் பாருங்கள், நம் மூன்றையும் கழித்து நூற்று அறுபத்தொன்று. அன்றைக்கு யாருக்கும் விளையாட்டு தெரியாது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு எண்களையும் படித்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, “பெட்டி வைக்க வேற இடம் பார்க்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை நூற்று நாற்பது அட்டைப்பெட்டிகள் வந்தன. சுமையாட்கள் பின்னறைப் பக்கம் திரும்பியபோது பெரியப்பா கை நீட்டித் தடுத்து, தன்னுடைய அறையைக் காட்டினார். மத்தியானத்துக்குள் அந்த அறை நிறைந்துவிட்டது. மேசையைச் சுற்றிப் பெட்டிகள், ஜன்னலை மறைத்துப் பெட்டிகள். நடுவில் ஒரு கிணற்றுக்குள் உட்கார்ந்த மாதிரி அவர்.

மாலையில் பழைய வாட்ச்மேனின் கடைசி எண்ணிக்கையைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். ஏழு பேர். அவன் கடைசி வரைக்கும் பொய் சொல்லவில்லை, பாவம். சொன்னபடி கேட்டான். அவனுடைய நிரலைத் தளத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாக எடுத்துவிட்டு, பட்டியலில் மிச்சமிருந்த ஒரே வேலைக்காகப் பெரியப்பாவின் அறைக்குப் போனேன். பெட்டிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்துதான் போக முடிந்தது.

அவர் போனைக் கையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதைக் கவிழ்த்து வைத்தார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். நீலக் கண்ணாடிப் பொத்தான்.

“பெரியப்பா, உங்க போன் ஒண்ணுதான் பாக்கி. குடுங்க, வீட்டாள் அடையாளத்தைப் போட்டுடறேன்.”

“போட்டா?”

“நீங்க எத்தனை தடவை சைட்டைப் பார்த்தாலும் எண்ணிக்கையில வராது.”

அவர் போனை எடுத்தார். கொடுப்பது போல நீட்டினார். கொடுக்கவில்லை.

“உங்க அத்தைக்குப் போட்டாச்சா?”

“போட்டாச்சு.”

“உனக்கு?”

“எனக்கும்தான்.”

“இதுக்குள்ள ஏரி மாதிரி ஒண்ணு தெரியுதே” என்றார், பொத்தானைக் காட்டி. “முப்பது வருஷமா விக்கறேன். இன்னிக்குத்தான் பார்த்தேன்.” பிறகு கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பெட்டிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார்.

“போட்டோக்காரி, எனக்கு மட்டும் அந்த அடையாளம் வேண்டாம்மா. ஒரே ஒரு ஆள்தானே, நானும் அந்த எண்ணிக்கையில இருந்துட்டுப் போறேனே?”